படுவான் யார்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். வறுமையும் போரும் பட்ட மண், துன்பப்படுபவன் வாழும் கரை, ஆகவே படுவான்கரை என்று மேடையில் உருக்கமாக விளக்கம் சொல்கிறார்கள். உருக்கம் சரி, சொல்லாராய்ச்சி பிழை. அப்படியானால் எதிரே கல்லடி முதல் களுவாஞ்சிக்குடி வரை நீளும் எழுவான்கரைக்கு என்ன பொருள்? இரட்டையாய்ப் பிறந்த சொற்களில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் வேர் தேடக் கூடாது.

எழுபவன் ஞாயிறு, படுபவனும் அவனே. படுதல் என்றால் சாய்தல், மறைதல். குறுந்தொகையின் 92ஆம் பாட்டு ஞாயிறு மறைவதை இந்த வினையால்தான் சொல்கிறது. தொல்காப்பியர் நெய்தலுக்கு வகுத்த பொழுது எற்பாடு. எல் என்பது கதிரவன், பாடு என்பது அவன் சாய்வு. ‘துன்பப்பாடு’ பிற்பட்ட வளர்ச்சி. அதை முதற்பொருளாக்குவது கிளையை வேரென்று காட்டுவது.

‘எழு வான்’ எனப் பிரித்து, கீழ்க்கடலில் முகில் எழும் திசை என்பாரும் உண்டு. வான் முகிலைக் குறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாரி மழை முதலில் கொட்டுவது கடலோரத்தில். முகில் படும் இடம்தான் படுவான் என்றால் எழுவான்கரைக்கும் அந்தப் பெயரே பொருந்தியிருக்க வேண்டும். வான் இங்கே தனிச்சொல் அன்று. வருவான், போவான் என்பவற்றில் உள்ள ஈறே. நாள்தோறும் நடப்பதை இந்த எதிர்கால வடிவத்தில் சொல்வது நம் பேச்சிலும் உண்டு.

கிழக்கு, மேற்கு என்ற சொற்கள் கீழ், மேல் என்ற நிலத்தின் சாய்விலிருந்து பிறந்தவை என்று கால்டுவெல் 1856இலேயே எழுதினார். மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் உள்ள தமிழகத்துக்கு அது பொருந்தும். மலையாள நாட்டில் நிலம் தலைகீழ். அங்கே கிழக்கு என்ற சொல் நிலைத்தது. மேற்குக்கோ ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள். அது படுஞாயிறேயன்றி வேறில்லை. இலத்தீனிலும் கிழக்கு எழுவது, மேற்கு விழுவது. தாய்வழிக் குடிமுறையைக் காட்டி மட்டக்களப்பையும் சேரநாட்டையும் இணைப்பவர்கள், படுவானையும் மலையாள இறக்குமதியாக எழுதிவிடுகிறார்கள். சங்கப் பாட்டில் கிடக்கும் சொல்லைக் கடன் வாங்க வேண்டிய தேவை யாருக்கு?

இன்னொரு சொல், பாதை. வேறிடங்களில் அது வழி. வாவிக்கரையில் அது ஆளையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. 2014இல் பாலம் திறக்கும் வரை மண்முனையில் பாதைதான் வழி. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேர்த்திருவிழாவுக்கும் அதிலேயே போனார்கள். படுவான், பாதை என்ற இரு சொற்களையும் நான் ஒன்றாக வைப்பதற்குக் காரணம் உண்டு. எழுவான்கரைப் போடியார்களில், அதாவது நிலக்கிழார்களில், பலருக்கு வயல் படுவான்கரையில். குடியிருப்பு கடலோர மணலில், வேளாண்மை வாவிக்கு அப்பால். விடிய வாவியைக் கடந்தால் முதுகில் வெயில். மாலை திரும்பும்போதும் முதுகில்தான் வெயில். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்த வாவியில் எங்கே கடந்தாலும் திசை இரண்டே. அவற்றுக்கு அவர்கள் மேடு பள்ளம் பார்த்துப் பேர் வைக்கவில்லை, பொழுதைப் பார்த்து வைத்தார்கள்.

மட்டக்களப்பு என்ற பெயருக்கு மட்டு என்றால் தேன் என்றும், சிங்கள ‘மட’ என்றால் சேறு என்றும் நடக்கும் வழக்குத் தனி. தேன் கட்சி பாட்டுக்கு இனிக்கும், நீர்நிலைக்கு ஒட்டாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

படுவான் என்பவன் ஞாயிறு. அகராதிக்காரர் திசைச்சொல் என்று ஓரத்தில் ஒதுக்கினாலும், மேற்குக்கு மூத்த தமிழ்ச்சொல் இதுவே என்பது என் முடிவு.