கடற்படைக் கலங்களின் பெயர்கள்

நெய்யாற்றின்கரைப் பகுதியிலே, குமரி மாவட்டத்தை ஒட்டியுள்ள மலையடிவாரச் சிற்றூர் வெள்ளறடை. அங்குள்ள குரிசுமலைக்கு இரு மாநிலத்தாரும் யாத்திரை செல்வர். அவ்வூர்த் தமிழர் ஒருவரிடம் ‘கல்வரி’ என்று சொல்லிப் பாருங்கள். ஏசுபிரான் சிலுவையில் அறையுண்ட கல்வாரி மலையையே அவர் நினைப்பார். நம் கடற்படையோ அப்பெயரை 1967 டிசம்பர் 8 அன்று தன் முதல் நீர்மூழ்கிக்குச் சூட்டிற்று. புலிச்சுறாவைக் குறிக்கும் மலையாளச் சொல் அது. பெயர்களை மொழிபெயர்க்கலாகாது என்பதற்கு என் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அரசு மாறியபோது முதலில் மாறியது பெயரின் முன்னொட்டே. மன்னரின் இந்தியக் கப்பல் என்று வழங்கிய காலத்தில், இரண்டாம் உலகப்போரின்போது, ‘திருவிதாங்கூர்’, ‘மதுரா’ என்னும் சிறு கலங்கள் இருந்தன. 1950 சனவரி 26 முதல் ‘ஐ.என்.எஸ்.’ என்பதே வழக்கு.

பெயர்களைத் தெரிந்தெடுப்பதற்கெனக் குழு ஒன்று உண்டு. கடற்படைத் தலைமைத் தளபதி இசைவளித்த பின்னரே பெயர் உறுதியாகும். கப்பலின் சின்னத்திற்கும் குறிக்கோளுரைக்கும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நாசகாரிக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் நகரங்களின் பெயர். ஏனையவற்றிற்கு மலை, ஆறு, தீவு, படைக்கலம் என வகை பலவாம். பம்பாயில் வாழும் நேயர்கள் ஒன்று கருதுக: ‘நீலகிரி’யும் ‘சென்னை’யும் கட்டப்பெற்றது உங்கள் மசகான் துறையிலேதான்!

வியப்புக்குரியது வேறொன்று. விபத்துற்ற வீட்டின் பெயரைக்கூட நம்மவர் மீண்டும் வைக்கத் தயங்குவர். கடற்படையின் மரபு அதற்கு நேர்மாறானது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ‘குக்ரி’ தாக்குண்டு மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பலைவிட்டு வெளியேற மறுத்த கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் அவருள் ஒருவர். 1989இல் புதிய கப்பலொன்றுக்கு அதே பெயரை வைத்தனர். இறந்தோர் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. ‘கல்வரி’யும் அவ்வாறே 1996இல் ஓய்வு பெற்று, 2017இல் புதிய நீர்மூழ்கியின் பெயராயிற்று. 1972இன் ‘நீலகிரி’ 2025இல் மீண்டும் பிறந்தது.

கரையிலுள்ள நிலையங்களும் கப்பல்களாகவே கருதப்பெறும். நெல்லைச் சீமையில், விசயநாராயணத்தில், 1990இல் தொடங்கிய நிலையத்தின் பெயர் ‘கட்டபொம்மன்’. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சியார் பெயரால் வழங்கும் அந்நிலையத்திலிருந்தே, கடலடியில் உலவும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி செல்கிறது.