வி.ஆர். கண்ணாடிக்குள் தூக்கும் கோப்பைக்கு எடை உண்டா?

பக்கவாதத்தால் கை செயலிழந்தவருக்கு 'வி.ஆர்.' எனப்படும் மெய்நிகர் கண்ணாடியை மாட்டிப் பயிற்சி தரும் முறை இப்போது பரவி வருகிறது. "அதைப் போட்டால் கை சீக்கிரம் வந்துவிடுமா?" என்பதுதான் குடும்பத்தாரின் முதல் கேள்வி. அந்தக் கண்ணாடிக்குள் நடப்பது எவ்வளவு நிஜம்?

கண்ணுக்கு அது ஏறக்குறைய நிஜம்தான். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கையை நீட்டினால் உள்ளேயும் ஒரு கை நீளும். சிக்கல், அந்தக் கை ஒரு பொருளைத் தொடும்போது தொடங்குகிறது. உள்ளே தெரியும் கோப்பைக்கு எடை இல்லை, சூடு இல்லை, வழுக்கலும் இல்லை. விரல்கள் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைத் தோலும் தசையும்தான் மூளைக்குச் சொல்கின்றன. வெறுங்கையில் காற்றைப் பிடித்தால் அந்தச் செய்தி போவதில்லை. பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கண்ணைவிடக் கைதானே அறியும்!

தூரக் கணக்கும் அங்கே தடுமாறும். பொருள் அருகில் தெரிந்தாலும் தொலைவில் தெரிந்தாலும் கண் பார்ப்பது ஒரே திரையைத்தான். அதனால் நலமாக இருப்பவர்கள்கூட உள்ளே கையைச் சற்று மெதுவாகவே நீட்டுவதுண்டு.

ஆனாலும் இந்தப் பயிற்சி வீணல்ல. இழந்த அசைவை மூளை மீண்டும் கற்க, அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வட அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகள் ஒரு சிகிச்சை நேரத்தில் கையைப் பயன்படும் விதத்தில் அசைத்தது சராசரியாக 32 முறை மட்டுமே. விலங்குகளிடம் நடந்த சோதனைகளிலோ நூற்றுக்கணக்கான முறை அசைக்க வைத்தார்கள். பழம் பறி, பந்தைப் பிடி என்று விளையாட்டாக வரும்போது சலிப்பில்லாமல் எண்ணிக்கை கூடும். கை 2 அங்குலம் நகர்ந்தால் ஓர் அடி நகர்ந்ததாகக் காட்டித் தெம்பூட்டவும் முடியும். பொய்யே மருந்தாகும் இடம் இது.

பலன் எவ்வளவு? கோக்ரேன் அமைப்பு 2017இல் 72 ஆய்வுகளை, 2,470 நோயாளிகளின் விவரங்களோடு அலசியது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுத்தபோது கைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. அதனோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது பலன் தெரிந்தது. 2016இல் தாய்லாந்து உட்பட 4 நாடுகளில் 141 பேரிடம் நடந்த ஆய்வில், திரை முன் ஆடும் வீ விளையாட்டும் சீட்டு, பிங்கோ போன்ற சாதாரண விளையாட்டுகளும் ஒரே அளவு பலனைத்தான் தந்தன. பல்லாங்குழி அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் அதுவும் தோற்றிருக்காது என்பது என் கணிப்பு.

ஆகவே, தனியார் மையத்தில் பணம் கட்டும் முன், இது இயன்முறை சிகிச்சையோடு கூடுதலா, அதற்குப் பதிலா என்று கேளுங்கள். பிறகு நிஜமான கோப்பை, கரண்டி, சட்டைப் பொத்தானில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். பெர்கேசோ சந்தா செலுத்தியவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். தகுதி உள்ளவர்களின் மறுவாழ்வுச் சிகிச்சைச் செலவை அது ஏற்கிறது. மலாக்காவில் அதற்கென்றே ஒரு மையமும் உண்டு.

வலிப்பு வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போட்டால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். முதல் நாள் உட்கார்ந்தபடியே தொடங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.