ஸ்மோக்கி மலையோடைகளில் இலையுதிர்காலத் தூண்டில்: ஒரு நூற்றாண்டு மாற்றம்

முன்னுரை

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் நீண்டு கிடக்கிறது கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர். இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கை ஈயை வீசி, அதன் ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அதற்கு மிக உகந்த காலங்களில் ஒன்று இலையுதிர்காலம். அம்மலைக்கே உரிய புரூக் ட்ரவுட் முட்டையிடுவதும் அப்போதுதான். இந்தப் பருவத்தில் மீனுக்கும் மனிதருக்கும் இருந்த உறவு சென்ற நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். மீன் குறைந்ததற்குத் தூண்டில் முதன்மைக் காரணம் அன்று. ஆயினும் எஞ்சிய மீனைக் காப்பதில் தூண்டில்காரருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இதன் வாதம்.

முட்டையிடும் பருவம்

ட்ரவுட் குடும்பத்தில் இம்மலைக்கு இயல்பாக உரியது புரூக் ட்ரவுட் ஒன்றே. முதுகில் புழு ஊர்ந்த தடம்போல் வரிகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், கீழ்த் துடுப்புகளின் ஓரத்தில் வெண்கோடு. இவை அதன் அடையாளங்கள். இலையுதிர்காலத்தில் ஆண்மீனின் வயிறு செம்மஞ்சளாகச் சிவக்கும். அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறும் சரளைப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பெண்மீன், பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து வண்டலை விலக்கிக் குழி பறிக்கிறது. முட்டையிட்டபின் சரளையாலேயே மூடுகிறது. சுற்றியுள்ள பாசி படிந்த கற்களுக்கிடையே அவ்விடம் மட்டும் வெளுத்துத் தெரியும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அச்சரளைக்குள்ளேயே இருக்கும். குளிர்ந்த நீர், தூய சரளை ஆகிய இரண்டில் எது கெட்டாலும் ஒரு தலைமுறை மீன் இல்லாமற்போகும்.

மரம் வெட்டிய காலம்

கெட்டது இரண்டுமே. 1901-இல் தொடங்கப்பட்ட லிட்டில் ரிவர் லம்பர் கம்பெனி டென்னசிப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குள் ரயில் பாதை அமைத்து மரங்களை வெட்டி இறக்கியது. வட கரோலினாப் பக்கத்திலும் வேறு நிறுவனங்கள் இதையே செய்தன. நிழல் போனதால் ஓடை நீர் சூடேறியது; மொட்டையான சரிவுகளிலிருந்து அரித்துவந்த மண் சரளையை மூடியது. புரூக் ட்ரவுட் உயரமான தலையோடைகளுக்கு ஒதுங்கியது.

வெறுமையான ஓடைகளை நிரப்ப, பசிபிக் கரையைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டனர். நீலகிரியின் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்தில் பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்டதும் இதே இனந்தான். அது வேகமாக வளர்ந்து, இரையிலும் இடத்திலும் புரூக் ட்ரவுட்டை முந்தியது. ஐரோப்பாவிலிருந்து 1880-களில் அமெரிக்காவுக்கு வந்த பிரௌன் ட்ரவுட்டும் பின்னர் கீழோடைகளில் குடியேறியது. 1934-இல் தேசியப் பூங்கா அமைந்து காடு மீண்டும் தழைத்தபோதும், புரூக் ட்ரவுட் பழைய இடங்களுக்குத் திரும்ப இயலவில்லை; அங்கே ரெயின்போ வேரூன்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த வாழிடத்தில் ஏறத்தாழ 75 விழுக்காட்டைப் புரூக் ட்ரவுட் இழந்தது என்பது பூங்கா நிர்வாகத்தின் மதிப்பீடு.

தடையும் திறப்பும்

இந்நிலையில் 1970-களின் நடுப்பகுதியில் பூங்காவில் புரூக் ட்ரவுட் பிடிக்கத் தடை வந்தது. தடை ஏறத்தாழ முப்பது ஆண்டு நீடித்தும் மீன் பழைய எல்லைக்குப் பரவவில்லை. சில ஓடைகளைச் சோதனையாகத் திறந்து ஆராய்ந்தபோது, தூண்டிலால் மீன்தொகை குறையவில்லை என்று தெரியவந்தது. 2006-இல் தடை நீங்கியது.

உண்மையான மீட்பு வேறு வழியில் நடந்தது. கீழோடை மீன்கள் ஏற முடியாத அருவியைத் தடுப்பரணாகக் கொண்டு, அதற்கு மேலுள்ள அயல்மீன்களை மின்கருவியாலோ ஆன்டிமைசின் என்னும் மருந்தாலோ அகற்றி, புரூக் ட்ரவுட்டை மீண்டும் விட்டனர். லின் கேம்ப் பிராங் ஓடையில் 2008-இல் தொடங்கிய இப்பணி வெற்றி பெற்று, 2015-இல் அவ்வோடை தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் அமில மழையால் நலிந்த உயரமான ஓடைகளுக்கு இம்முறை மட்டும் போதாது.

ஈயும் வீச்சும்

மீன்பிடிக் கலையும் இதே காலத்தில் மாறியது. மஞ்சள் இறகுத்தண்டுள்ள மரங்கொத்தியின் சிறகைப் பிளந்து முள்ளில் சுற்றிக் கட்டிய ‘யாலர்ஹேமர்’ இம்மலையின் பழம்பெரும் ஈ. புலம்பெயர் பறவைகளைக் காக்கும் 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பறவைக்கும் பொருந்துவதால், இன்று சாயமேற்றிய வேறு இறகுகளில் அதைக் கட்டுகிறார்கள்.

இலையுதிர்காலத்தில் ஓடை வற்றித் தெளிந்து, மனித நிழலுக்கே மீன் ஓடும். ஆகவே மெல்லிய நரம்பு, அடங்கிய நடை, குறுகிய வீச்சு ஆகியவை தேவை. ரோடோடென்ட்ரான் புதர் கவிந்த இடத்தில் கோலைப் பின்னே ஓங்க வழியில்லை. ஈயை விரல்நுனியால் பிடித்து இழுத்துக் கோலை வளைத்து, அம்பு எய்வதுபோல் விடுவார்கள். உறைபனி இறங்கும்வரை எறும்பு, வண்டு வடிவ ஈக்களும், செம்மஞ்சள் நிற அக்டோபர் கேடிஸ் ஈயும் பயன்படும்.

முடிவுரை

காட்டழிவு, அயலினம், அமில மழை ஆகிய மூன்றுமே இம்மீனின் வீழ்ச்சிக்குப் பெருங்காரணங்கள். இவற்றைத் தொடாமல் தூண்டிலை மட்டும் தடுத்தது பலன் தரவில்லை என்பதை முப்பதாண்டு வரலாறு மெய்ப்பிக்கிறது. இன்று பூங்காவில் ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கலாம். ஒற்றை முள் கொண்ட செயற்கை ஈக்கும் செயற்கை இரைக்கும் மட்டுமே அனுமதி, உயிர் இரைக்குத் தடை. இலையுதிர்காலத்துக்கென ஓடை மூடப்படுவதில்லை. எனவே சட்டம் விட்ட இடத்தைப் பழக்கம் நிரப்ப வேண்டும். முட்டையிடும் மீனுக்கு ஈ வீசக்கூடாது. வெளுத்த சரளையை மிதிக்கக்கூடாது. பிடித்த மீனை ஈரக்கையால் ஏந்தி உடனே நீரில் விட வேண்டும். அக்டோபரில் அம்மலை ஏறுவோர் எவரும் காலை எங்கே ஊன்றுகிறோம் என்று முதலில் பார்க்கட்டும்; தூண்டிலை அதன்பின் வீசலாம்.