இடாப்பில் ஏறாத பெயர்கள்

வாக்குரிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்கள் நிறைவேறிய ஆண்டுகளையே வரிசைப்படுத்திச் செல்வர். உரிமை பெற்றவன் மறுநாள் பதிவுக் கந்தோரின் வாசலில் நின்றபோது அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் அதிகம் ஆராய்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், வாலர் மாவட்டத்துக் கறுப்பின மாணவர் நடத்திய நெடும் போராட்டம் அவ்வாசலின் வரலாறேயாகும்.

வியட்நாம் போர் நடந்த காலத்தில், 18 வயது இளைஞன் கட்டாயப் படைச்சேவைக்குத் தன்னைப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஆயினும் அந்தப் போரை நடத்திய அரசைத் தெரிவு செய்யப் பெரும்பாலான மாநிலங்களில் அவன் 21 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இம்முரண்பாட்டுக்கு எதிராக எழுந்த குரலின் பயனாக, 1971 யூலை 1ஆம் திகதி அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் நிறைவேறியது. 18 வயது நிரம்பிய எந்தப் பிரசைக்கும் வயதைக் காரணங்காட்டி வாக்கு மறுக்கலாகாது என்பது அதன் சாரம்.

வாலர் மாவட்டம் ஹூஸ்ரன் நகருக்கு வடமேற்கே உள்ளது. அங்குள்ள பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம், கறுப்பின இளைஞருக்கென 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தாபிக்கப்பட்ட கல்லூரியிலிருந்து வளர்ந்தது. அடிமைகள் உழைத்த அல்ரா விஸ்ரா என்னும் பெருந்தோட்டத்தின் நிலத்திலேயே அது எழுந்தது. 26ஆவது திருத்தம் வந்ததும் அங்குப் பயின்ற ஆயிரக்கணக்கான மாணவர் வாக்களிக்கும் தகுதி பெற்றனர். அவர்கள் அனைவரும் இடாப்பில் ஏறினால் மாவட்ட நிருவாகம் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி எழுந்தது. அதுவரை அதிகாரத்தை வைத்திருந்த வெள்ளையருக்கு அது மிகவும் கசப்பான கேள்வி.

வாக்காளரைப் பதியும் பொறுப்பு ரெக்சாஸில் வரி அறவிடும் அதிகாரியைச் சார்ந்தது. தலைவரி கட்டிய பற்றுச்சீட்டே வாக்குரிமைக்குச் சான்றாயிருந்த பழைய காலத்தின் எச்சம் அது. வாலரில் அப்பதவியை வகித்தவர் லீறோய் சிம். தமக்கோ தம் உதவியாளருக்கோ தெரிந்தவர்களை அவர் தடையின்றிப் பதிந்தார். தெரியாதவர்களிடம் ஒரு வினாக்கொத்தை நீட்டினார். இம்மாவட்டத்தில் சொத்து உண்டா? மோட்டார் வண்டி இங்குப் பதியப்பட்டதா? தொலைபேசி உண்டா? எந்தத் தேவாலயத்தில், எந்தக் கழகத்தில் அங்கத்துவம்? படிப்பு முடிந்தபின் என்ன செய்ய எண்ணம்? விடுமுறையில் வாழ்வது எங்கே? இவ்வாறு அவ்வினாக்கள் நீண்டன.

வீடும் வண்டியும் இல்லாத ஓர் ஏழை மாணவன் இவற்றுக்கு என்ன விடை கூறுவான்? படிப்பு முடிந்தபின் எங்கு வேலை கிடைக்கும் என்பதை எந்த மாணவன்தான் அறிவான்? உள்ளூரிற் பிறந்த வெள்ளை இளைஞனுக்கும் நாளை எங்கு வாழ்வோம் என்பது தெரியாது. ஆனால் அவனிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. குடிசன மதிப்பிலோ, 1950 முதல் கல்லூரி மாணவரைக் கல்லூரி இருக்கும் ஊரின் குடிகளாகவே கணக்கிட்டனர். தலை எண்ணும்போது வாலரின் குடிகளாயிருந்தவர்கள், வாக்குக் கேட்டு வந்தபோது அந்நியராயினர்.

மாணவர் நீதிமன்றத்தை நாடினர். 1972இலும் 1974இலும் வந்த தீர்ப்புகள் சிம்முக்கே சாதகமாயின. மாணவரை அவர் பயிலும் ஊரின் வதிவாளர் அல்லர் என்று ஊகித்த மாநிலச் சட்டவிதியை 1973இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்று கூறிய பின்பும் அவர் வினாக்கொத்தைக் கைவிடவில்லை. 1976இல் அமெரிக்கச் சட்டமா அதிபரே வழக்குத் தொடுத்தார். 1978இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் அவ்வினாக்கொத்தைத் தடை செய்தது. 1979 சனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. திருத்தம் நிறைவேறி ஏழாண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் எத்தனையோ மாணவர் பட்டம் பெற்று ஊரைவிட்டே போய்விட்டனர். காலதாமதமும் ஓர் ஆயுதமே.

தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை. 2003இன் இறுதியில் மாவட்ட அரச வழக்கறிஞர், வதிவிடத் தகுதியின்றி வாக்களிப்போர்மீது வழக்குத் தொடரப்படலாமென மாணவரை எச்சரித்தார். 2004இல் மாணவர் ஊர்வலம் சென்றனர், வழக்கும் தொடுத்தனர், அவர் பின்வாங்க நேர்ந்தது. 2008இல், முன்கூட்டி வாக்களிக்கும் நிலையம் ஏறத்தாழ 7 மைல் தொலைவிலுள்ள ஹெம்ப்ஸ்ரெட் நகரில் மட்டும் அமைக்கப்படவிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பெருந்தெரு வழியே நடந்துசென்று தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். வளாகத்தில் வாக்களிக்கும் நாட்கள் போதாவென 2018இல் தொடுத்த வழக்கிலோ 2022இல் அவர்களுக்குத் தோல்வியே கிடைத்தது.

‘உன் நிலையான ஊர் எது?’ என்ற இவ்வினா ஈழத்தவராகிய நமக்குப் புதியதன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, மலையகத் தோட்டத் தொழிலாளரிடம் நிரந்தர வதிவுக்கான சான்று கேட்கப்பட்டது. இந்த மண்ணைத் தேயிலைத் தோட்டமாக்கிய கைகளுக்கு அச்சான்றைத் தேடுவது எளிதாயிருக்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரை இடாப்பிலிருந்தே அகற்றின. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அமெரிக்காவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1959இலேயே வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய நாடு நமது. அதே நாடுதான் இதையும் செய்தது.

வாலரிலும் மலையகத்திலும் நடந்தவை ஒன்றேயல்ல. ஒன்று மாவட்ட அதிகாரியின் செயல். மற்றையது பாராளுமன்றத்தின் செயல். எனினும் உழைப்பையும் தலைக்கணக்கையும் ஏற்றுக்கொண்டு வாக்கை மட்டும் மறுக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. அதனாற்றான் பெயர் பதிதலை வெறும் படிவம் நிரப்பும் காரியமாக நம் மாணவர் எண்ணிவிடக் கூடாது. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. உயர் வகுப்பு மாணவருக்கு அரசியலமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், அவ்விடாப்பைப் பார்க்கவும் பெயர் விடுபட்டிருந்தால் உரிய காலத்துள் முறையிடவும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். தம் பெயரை மட்டுமல்ல, அயல் லயத்தில் வாழ்பவரின் பெயரையும் தேடிப் பார்க்கும் மாணவரே இந்த வரலாற்றைச் சரியாகப் படித்தவராவர்.