யானைக்கால் நோய்: இரத்தப் பரிசோதனை இரவில் நடப்பது ஏன்?

ரேணிகுண்டா: யானைக்கால் நோயைக் கண்டறியச் சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகச் செல்வது வழக்கம். வீக்கமோ வலியோ இல்லாதவர்களிடமும் அவர்கள் இரத்த மாதிரி கேட்பதால், மக்களிடையே தயக்கம் எழுகிறது. ஆனால், இந்நோயை ஒழிப்பதற்கு இத்தகைய பரிசோதனை இன்றியமையாதது.

ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டம், ஆந்திராவில் யானைக்கால் நோய் பாதிப்புள்ள மாவட்டங்களுள் ஒன்றாகும். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அதிலிருந்து திருப்பதி மாவட்டம் உருவானபோது, ரேணிகுண்டா புதிய மாவட்டத்தின்கீழ் வந்தது. ரயில் சந்திப்பும் விமான நிலையமும் கொண்ட இது, திருப்பதியை ஒட்டி வளர்ந்துவரும் புறநகர்ப் பகுதி.

கழிவுநீரில் பெருகும் கொசு

இந்தியாவில் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது 'வுச்செரேரியா பேன்கிராப்டி' என்ற ஒட்டுண்ணிப் புழு. இதனைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, தேங்கிய சாக்கடையிலும் மூடப்படாத கழிவுநீர்த் தொட்டியிலும் முட்டையிடுகிறது. வீடுகள் பெருகும் வேகத்தில் வடிகால் வசதி அமையாத புறநகர்களில் இக்கொசு எளிதில் பெருகும்.

இரவுதான் உரிய நேரம்

முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. அவை ஈனும் 'மைக்ரோபைலேரியா' எனும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கி, கொசு கடிக்கும் இரவு வேளையில் தோலை ஒட்டிய இரத்தத்திற்கு வருகின்றன. எனவே பொதுவாக இரவு 8.30 மணி முதல் நள்ளிரவு வரை விரல் நுனியில் குத்தி, சில துளி இரத்தம் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்படுகிறது. அதனை உலர்த்திச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். 1872ஆம் ஆண்டு கொல்கத்தாவில் டிமோதி லூயிஸ் மனித இரத்தத்தில் இந்த நுண்புழுவைக் கண்டறிந்தார்.

கால் வீங்கியவர்களின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு காணப்படுவதில்லை. நலமாகத் தோன்றுபவரே தம்மையறியாமல் பிறருக்கு நோய் பரவக் காரணமாகிறார். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், டி.இ.சி. மாத்திரையால் நுண்புழுக்களை அழிக்கலாம். முற்றிய வீக்கத்தை முழுமையாகக் குணப்படுத்துவது கடினம்.

ஒழிப்பை நோக்கி

பாதிப்புள்ள பகுதிகளில் ஆண்டுதோறும் ஒட்டுமொத்த மருந்து வழங்கல் நடைபெறுகிறது. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கு மருந்து தரப்படுவதில்லை. பரிசோதிக்கப்பட்டோரில் நுண்புழு உள்ளவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அடுத்த கட்டமாக 6, 7 வயதுச் சிறார்களிடம் ஆய்வு நடத்தி, மருந்து வழங்கலை நிறுத்துவது குறித்து முடிவெடுக்கப்படும்.

இலங்கை 2016ஆம் ஆண்டு இந்நோயை ஒழித்ததாக உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. இந்தியா 2027ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டுள்ளது.