10 கிராம்கூட இல்லாத சில்லை... கூண்டுல பார்த்தா என்ன செய்யணும்?

ஈ.சி.ஆர்-ல மரக்காணம் தாண்டும்போது உப்பளத்தை போட்டோ எடுக்காதவங்க குறைவு. அடுத்த முறை வண்டியை ஓரங்கட்டினா, கழுவேலி ஏரிப் பக்கம் இருக்கிற புல், கோரைப் புதர்களையும் கொஞ்சம் கவனிங்க. புல் தண்டு திடீர்னு வளைஞ்சு ஆடினா, அதுல சில்லை உட்கார்ந்திருக்கலாம்.

யார் இந்தச் சில்லை?

முனியா, தினைக்குருவினு சொல்றதும் இதைத்தான். புல் விதைதான் முக்கிய உணவு. அதை உடைக்கவே கூம்பு மாதிரி தடித்த அலகு. புள்ளிச் சில்லை, வெண்முதுகுச் சில்லை, கருந்தலைச் சில்லைனு நம்ம ஊர்ல பல வகை உண்டு. இதுல ஸ்டார், சிவப்புச் சில்லை. நீளம் சுமார் 10 செ.மீ. இனப்பெருக்கக் காலத்துல ஆண் பறவை, வெள்ளைப் புள்ளி வெச்ச ஸ்ட்ராபெர்ரி மாதிரி இருக்கும். சீசன் முடிஞ்சா அந்தச் சிவப்பு போய், பெண் பறவை மாதிரி பழுப்பாகிடும்.

அழகே ஆபத்து

சிவப்புச் சில்லையோட அறிவியல் பெயர் 'அமந்தவா அமந்தவா'. அகமதாபாத்திலிருந்து கூண்டுப் பறவையா ஏற்றுமதியானதால, அந்த ஊர்ப் பெயர் திரிஞ்சு இப்படி ஆனது. ஃபிஜி, ஹவாய் தீவுகள்ல இன்னிக்கு இது வாழறதுக்கும் மனுஷங்க கொண்டுபோனதுதான் காரணம்.

'கவலை குறைந்த இனம்'னா?

ஐ.யு.சி.என் பட்டியல்ல சிவப்புச் சில்லை 'கவலை குறைந்த இனம்'. உலக அளவுல இப்போதைக்கு அழியும் நிலையில இல்லைனுதான் அதுக்கு அர்த்தம். பிடிச்சு வளர்க்கலாம்னு இல்ல. இதோட சொந்தக்காரரான பச்சைச் சில்லை, இந்தியாவுல மட்டுமே இருக்கு. அது ஏற்கெனவே 'அழிவாய்ப்பு இனம்'. வாழிட இழப்போட, கூண்டு வியாபாரமும் அதுக்கு ஒரு காரணம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுச் சில்லைகளைப் பிடிக்கறது, விற்கறது, வாங்கறது எல்லாமே குற்றம். ஆனாலும் வலைவிரிச்சுக் கூட்டமா பிடிச்சு, சாயம் பூசி விற்கறது நடக்குது. நெரிசல் கூண்டுல பல பறவைகள் வழியிலேயே செத்துப்போகும்.

நீங்க என்ன செய்யலாம்?

* 'பாவம், வாங்கிப் பறக்கவிடலாம்'னு நினைக்காதீங்க. நீங்க கொடுக்கிற காசு, அடுத்த வலைக்கான முதலீடு.
* கூண்டுல பார்த்தா, இடத்தைக் குறிச்சுக்கிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்க.
* புல்லுல உருண்டையா கூடு தெரிஞ்சா, செல்ஃபிக்காகக் கிட்ட போகாதீங்க.
* வெளியில பார்த்த சில்லைகளை 'இ-பேர்ட்' ஆப்ல பதிவு பண்ணுங்க. எங்கே இருக்கு, எங்கே குறையுதுனு ஆய்வாளர்களுக்குத் தெரிய அது உதவும்.

கழுவேலி 2021-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு; 2024-ல ராம்சர் அங்கீகாரமும் கிடைச்சது. பூநாரைக்காகப் பைனாகுலர் தூக்கிட்டுப் போறவங்க, கரையோரப் புல்லையும் ஒரு பார்வை பாருங்க. 'வெறும் புதர்'னு அதை அழிச்சா, சில்லைக்குச் சாப்பாடும் இல்ல, வீடும் இல்ல.