கானாவின் கொக்கோக் கமக்காரரும் வணிக நீதியும்: ஒரு வரலாற்று நோக்கு

மூன்றாம் உலக நாடுகளின் சிறு உற்பத்தியாளர் உலகச் சந்தையிற் பங்குகொள்வதன் வாயிலாகவே முன்னேற முடியும் என்னும் கருத்து இன்று பரவலாக எடுத்துரைக்கப்படுகின்றது. யாவரையும் உள்ளடக்கும் வணிகம், நிலைத்து நிற்கும் வணிகம் ஆகிய தொடர்கள் சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஆயின், சந்தையிற் பங்குகொள்வது வேறு. அச்சந்தையின் விதிகளை வகுப்பதிற் பங்குகொள்வது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துவதற்கு மேற்கு ஆபிரிக்க நாடாகிய கானாவின் கொக்கோ வரலாற்றைப் போலப் பொருத்தமான சான்று பிறிதொன்று காண்பதரிது.

பொற்கரை எனப் பிரித்தானியர் வழங்கிய அந்நாட்டிற் கொக்கோச் செய்கை பரவியமைக்குக் குடியேற்ற ஆட்சியின் பெருந்தோட்டங்கள் காரணமல்ல. 1879ஆம் ஆண்டிற் பெர்னாண்டோ போ தீவிலிருந்து தெற்றே குவார்சி என்னும் தொழிலாளர் கொண்டுவந்த விதைகள் அக்வாப்பிம் மலைப் பகுதியில் நடப்பட்டன. அப்பகுதியினரும் அயலவரும் கூட்டாகப் பணம் திரட்டி, மேற்கேயுள்ள காட்டு நிலங்களை விலைக்கு வாங்கித் தம்முட் பங்கிட்டுக்கொண்டனர். இக்கமக்காரர் முதலீட்டு நோக்குடன் இயங்கிய முனைவோர் என்பதைப் பொலி ஹில் 1963இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. 1911ஆம் ஆண்டளவிற் பொற்கரை உலகின் தலையாய கொக்கோ உற்பத்தி நாடாயிற்று. தென்னிந்தியத் தொழிலாளரைக் கொணர்ந்து அந்நிய மூலதனம் தேயிலைத் தோட்டங்களை அமைத்த எமது நாட்டின் அனுபவத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், அங்கு நிலமும் உற்பத்தியும் உள்ளூரவர் கையிலேயே இருந்தமை புலனாகும்.

எனினும், உற்பத்தி தம் கையிலிருந்தும் விலை அவர்கள் கையில் இருக்கவில்லை. ஏற்றுமதியும் கப்பற் போக்குவரத்தும் கடனும் ஐரோப்பியக் கம்பனிகளின் வசமிருந்தன. 1937ஆம் ஆண்டில் யுனைற்றட் ஆபிரிக்கா கம்பனி, கட்பெரி முதலிய நிறுவனங்கள், விலையில் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை எனத் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன. இதனை அறிந்த கமக்காரர், குலத் தலைவர்களின் ஆதரவுடன், கொக்கோவை விற்க மறுத்தனர். ஐரோப்பிய இறக்குமதிப் பொருள்களையும் பகிஷ்கரித்தனர். 1938 ஏப்ரல் வரை இப்போராட்டம் நீடித்தது. விசாரணைக்கென அனுப்பப்பட்ட நோவல் ஆணைக்குழு கம்பனிகளின் உடன்படிக்கையைக் கைவிடுமாறும், கமக்காரர் ஒன்றுசேர்ந்து விற்பனை செய்வதற்கு வழிவகுக்குமாறும் விதந்துரைத்தது.

அவ்விதப்புரை நிறைவேறியிருப்பின் வரலாறு வேறு திசையிற் சென்றிருக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அரசே கொக்கோ முழுவதையும் கொள்வனவு செய்யத் தொடங்கியது. அரசின் முகவர்களாகச் செயற்பட்டவையோ அதே கம்பனிகள். 1947இற் கொக்கோச் சந்தைப்படுத்தற் சபை அமைக்கப்பட்டது. விலைத் தளம்பலிலிருந்து கமக்காரரைக் காப்பதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. நடைமுறையில், உலக விலைக்கும் கமக்காரர் பெற்ற விலைக்கும் இடைப்பட்ட பெருந்தொகை ஒதுக்கு நிதியாகத் திரண்டு, இலண்டனிற் பிரித்தானியப் பிணைகளில் முதலிடப்பட்டது. ஏழை நாட்டின் கமக்காரன் பேரரசின் தலைநகருக்குக் கடன் கொடுத்தவனானான்.

குவாமே நிக்ரூமாவின் அரசாங்கம் இம்முறையை மாற்றவில்லை. 1954இல் 60 றாத்தல் கொண்ட ஒரு சுமைக்கு 72 சிலிங் என விலை நிர்ணயிக்கப்பட்டபோது, உலக விலை அதனிலும் பன்மடங்கு உயர்ந்திருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் அசாந்தியிலே தேசிய விடுதலை இயக்கம் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். கொக்கோ வருவாயினாற் பாடசாலைகளும் வீதிகளும் பெருகின என்பதை நாம் மறுப்பதற்கில்லை. தேசிய அபிவிருத்திக்கு மூலதனம் வேண்டும் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அம்மூலதனத்தை அளித்தவர்களுக்கு அதன் பயன்பாடு பற்றிக் கருத்துரைக்கும் உரிமை வழங்கப்படவில்லை. 1961இற் கொள்வனவு முழுவதும் ஆளுங் கட்சியைச் சார்ந்த கமக்காரர் பேரவையின் ஏகபோகமாயிற்று. 1966 ஆட்சிக் கவிழ்ப்பின் பின்னர் நடைபெற்ற விசாரணையில் நிறுவையிலும் கொடுப்பனவிலும் நிகழ்ந்த மோசடிகள் வெளிவந்தன. கமக்காரரின் பெயரால் இயங்கிய அமைப்பே கமக்காரனின் தராசிற் கைவைத்தது.

இதன் விளைவு நீண்டகாலம் நீடித்தது. 1964-65இல் ஐந்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டிருந்த உற்பத்தி 1983-84இல் 1,60,000 தொன்னுக்குக் கீழே வீழ்ந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் இதற்கு உடனடிக் காரணங்கள். மரங்களைப் புதுப்பிக்க ஊக்கமளிக்காத விலையும், அயல்நாடாகிய ஐவரி கோஸ்ற்றுக்குக் கடத்தலைத் தூண்டிய நாணய மாற்று வீதமும் ஆழமான காரணங்கள்.

1990களின் தொடக்கத்தில் உள்நாட்டுக் கொள்வனவு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இவ்விடைவெளியைப் பயன்படுத்தி 1993இற் குவாப்பா கொக்கோ என்னும் கமக்காரர் கூட்டுறவு தோன்றியது. கிராமந்தோறும் தம்முள் ஒருவரையே நிறுப்பவராகத் தெரிவு செய்தமை, முந்திய அனுபவத்தை நோக்குமிடத்துச் சிறிய செயலன்று. 1998இல் இலண்டனிற் சொக்கலேற் கம்பனி ஒன்று நிறுவப்பட்டபோது இக்கூட்டுறவு அதன் பங்காளராயிற்று. 2006இல் அதன் பங்கு 45 வீதமாக உயர்ந்தது. விதையை விளைவித்தவர் சொக்கலேற்றின் இலாபத்திலும் நிருவாகத்திலும் இடம்பெற்றமை உண்மையான முன்னேற்றமே. ஆயினும் 2020இற் பெரும்பான்மை உரிமை ஜேர்மன் உற்பத்தி நிறுவனமொன்றின் வசமாக, கூட்டுறவின் பங்கு 20 வீதமாகச் சுருங்கிற்று. மூலதனப் போட்டியில் நல்லெண்ணம் மட்டும் போதிய கவசமாகாது என்பதை இது உணர்த்துகின்றது.

2019இற் கானாவும் ஐவரி கோஸ்ற்றும் இணைந்து, தொன் ஒன்றுக்கு 400 டொலர் மேலதிக விலையை அறிவித்தன. 1938இல் ஒரு நாட்டின் கமக்காரர் செய்ய முனைந்ததை இரு நாடுகளின் அரசுகள் மேற்கொண்டமை குறிப்பிடத்தக்கது. ஆனால் 2024இல் உலக விலை தொன்னுக்கு 10,000 டொலரைக் கடந்தபோது, அறுவடைக்கு முன்னரே விளைச்சலில் பெரும்பகுதியைக் குறைந்த விலைக்கு விற்றிருந்த கானாவின் கமக்காரர் அதன் முழுப் பயனையும் அடையவில்லை.

இவ்விடத்து மற்றொன்றையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். கமக்காரர் என்போர் ஒரே வர்க்கத்தினர் அல்லர். வட பகுதியிலிருந்து வந்து, விளைச்சலின் மூன்றிலொரு பங்கிற்காக உழைக்கும் அபுசாப் பங்காளரும், குடும்பத் தோட்டத்தில் உழைத்தும் நிலவுரிமை பெறாத பெண்களும் விலையுயர்வின் பயனை இறுதியாகவே காண்பர். இவர்களைப் புறத்தே நிறுத்தும் எவ்வணிகமும் யாவரையும் உள்ளடக்கியதெனப் பெயர் பெறத் தகாது.

கம்பனி, அரசு, கட்சி என ஒன்றன்பின் ஒன்றாக வந்த காவலர் ஒவ்வொருவரும் கமக்காரனுக்காகப் பேசினர். அவனைப் பேச விடவில்லை. நன்மையான விலை வேண்டுவதே. ஆனால் அவ்விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்திற் பங்கு கிடைக்காதவரை, ஒரு பருவத்திற் கொடுத்ததை மறுபருவத்திற் பறித்துக்கொள்ளலாம். தராசு எவர் கையில் உள்ளது என்ற வினாவை எழுப்பாத அபிவிருத்திக் கொள்கை எதுவும் சிறு உற்பத்தியாளரைத் தாங்கி நிற்காது என்பதே இவ்வரலாறு எமக்கு உணர்த்தும் பாடமாகும்.